லினக்ஸில் வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று எதை நிறுவியிருந்தாலும் வைஃபை தகராறு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தால் சில நேரம் சரியாகிவிடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டில் மறுபடி அறுந்தால் பழையபடி முதலிலிருந்து தேட வேண்டும். அதனால் முதலில் எங்கே கோளாறு என்று பார்ப்பது, அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற வழியில்தான் இந்தப் பதில்கள் போகின்றன.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

இணைப்பு அடிக்கடி அறுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

எந்த இடத்தில் அறுகிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்து. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை. ரவுட்டரிலிருந்து வெளி இணையம் வரை இன்னொரு பாதை. இவை போக, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. மூன்றில் எது படுத்தாலும் பிரவுசரில் ஒரே மாதிரி வெற்றுப் பக்கம்தான் வரும்.

இரண்டு டெர்மினல்களைத் திறந்து வையுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) ஓடட்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். 'ஐபி ரூட்' என்று அடித்தால் 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் சரியான எண் கிடைக்கும். இன்னொன்றில் வெளி இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங். இணைப்பு அறுகிறவரை இரண்டையும் ஓடவிடுங்கள்.

ரவுட்டர் பதில் சொல்வது நின்றால் கோளாறு வைஃபை பாதையில் இருக்கிறது. கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி உங்களுக்குத்தான். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் நின்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். இணைய சேவை தருபவரைக் கூப்பிடுங்கள். இரண்டும் நன்றாக ஓடும்போதே தளங்கள் திறக்கவில்லை என்றால் ஒரு தளத்தின் பெயருக்குப் புதிதாக பிங் கொடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிங் இதற்கு உதவாது, அது தொடக்கத்தில் ஒரு தடவைதான் பெயரைத் தேடும். பெயர் கிடைக்கவில்லை என்று வந்தால் டிஎன்எஸ் கோளாறு.

அதே இடத்தில் என் போன் அருமையாக வேலை செய்கிறதே, அப்போ லினக்ஸ்தானே காரணம்?

இருக்கலாம், ஆனால் இது மட்டும் ஆதாரம் ஆகாது. வைஃபை தடுமாறினால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இருக்கலாம். விலை குறைந்த லேப்டாப்களில் ஒரே ஆன்டெனா உள்ள வைஃபை அட்டையை வைத்திருப்பார்கள்.

நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் அதே லேப்டாப்பை, அதே இடத்தில் வைத்து, வேறொரு மென்பொருளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸும் நிறுவியிருந்தால் அதில் பாருங்கள். இல்லையென்றால் புதிய ஃபெடோராவையோ உபுண்டுவையோ பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் லைவ் முறையில் அரைமணி நேரம் பயன்படுத்துங்கள். அதில் அறுந்துபோகவில்லை என்றால் கெர்னலோ அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேரோ பழையதாக இருக்கலாம். அதிலும் அறுந்தால் அட்டை, ஆன்டெனா, ரவுட்டர் பக்கம் பார்வையைத் திருப்பலாம்.

சிக்னல் எவ்வளவு இருந்தால் போதும்?

ஐகானில் தெரியும் வில்களை நம்ப வேண்டாம். 'ஐடபிள்யூ' கருவியில் ('ஐடபிள்யூ டெவ்' காட்டும் இடைமுகப் பெயரோடு) 'லிங்க்' கேட்டால் சிக்னல் டிபிஎம் அளவில் கிடைக்கும். அது மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் பிரமாதம். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புகூடத் தடையின்றிப் போகும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் எந்த டிரைவரை (அட்டையை இயக்கும் மென்பொருளை) மாற்றினாலும் பெரிதாகப் பயனில்லை, ரவுட்டரைத்தான் நகர்த்த வேண்டும். இந்த அளவில் 3 குறைந்தாலே வந்து சேரும் சக்தி பாதியாகிவிடும். கான்கிரீட் சுவருக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்புறம் என்று ரவுட்டரை ஒளித்து வைத்திருக்கும் வீடுகளில் முதல் வேலை அதை வெளியே எடுப்பதுதான்.

சிக்னல் நன்றாக இருந்தும் இழுக்கிறது. ஏன்?

2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், நெரிசல். இந்தியாவில் அதில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை என்று வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11 மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் தெரிந்தால் அத்தனையும் இந்த மூன்றுக்குள் முட்டி மோதுகின்றன. யாராவது புத்திசாலித்தனமாக 3-ஐயோ 8-ஐயோ தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்துக்காரர்களின் இரைச்சலும் அவருக்கு வந்து சேரும், அவருடையது அவர்களுக்கும் போகும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. சமையலறையில் பால் சூடாகும்போது மட்டும் வீடியோ நிற்கிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் யுஎஸ்பி 3. அதன் தரவு ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை சாகிறதா, வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் டிஸ்க்கை நீள வயர் போட்டுத் தள்ளி வைக்கலாம், அல்லது வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். வைஃபை டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி) வைத்திருப்பவர்கள் அதையும் யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகாமல் ஒரு நீட்டிப்பு வயரில் தொங்கவிடுவது நல்லது.

லாக்கை (கணினி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை) பார் என்கிறார்கள். அதில் என்ன தேடுவது?

'ஜர்னல்சிடிஎல்' கட்டளையை 'கே', 'எஃப்' விருப்பங்களோடு ஓட்டினால் கெர்னல் செய்திகள் வர வர ஓடும். அறுந்த நொடியில் என்ன வந்தது என்பதுதான் முக்கியம்.

'பை லோக்கல் சாய்ஸ்' என்ற சொற்கள் இருந்தால் தொடர்பைத் துண்டித்தது உங்கள் கணினியேதான். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் லாக்கையும் அதே நேரத்துக்குப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். அந்தச் சொற்கள் இல்லாமல் 'டிஆத்தென்டிகேட்டட் ஃப்ரம்' என்று வந்தால் ரவுட்டர்தான் வெளியே தள்ளியிருக்கிறது. கூடவே ஒரு காரண எண் வரும். 4 என்றால் லேப்டாப்பிடமிருந்து சத்தமே இல்லை என்று ரவுட்டர் கைவிட்டிருக்கிறது. இது மின்சேமிப்பு அமைப்பைச் சந்தேகிக்க வைக்கும். 5 என்றால் இத்தனை கருவிகளைத் தாங்க முடியவில்லை என்று ரவுட்டரே கைவிரிக்கிறது. ஹாஸ்டல்களில் வாய்ப்பு அதிகம். 15 என்றால் சாவிப் பரிமாற்றம் நேரத்துக்குள் முடியவில்லை. பாஸ்வேர்டு தப்பாக இருக்கலாம், சிக்னல் அந்த அளவுக்கு மோசமாகவும் இருக்கலாம்.

இன்டெல் அட்டையில் 'மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர்' என்று வந்து, கீழே பக்கம் பக்கமாக எண்கள் கொட்டினால் அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண்களை நாம் படிக்கத் தேவையில்லை. கெர்னலையும் ஃபர்ம்வேரையும் புதுப்பிப்பதுதான் வழி.

மின்சேமிப்பை அணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

எல்லாம் ஆகாது. ஆனால் நான் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் முயலலாம் என்றால் இதைத்தான் முயல்வேன்.

ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை 'பீக்கன்' என்ற அறிவிப்பை வெளியிடும். மின்சேமிப்பில் இருக்கும் அட்டை இடையில் தூங்கிவிட்டு, அந்த அறிவிப்பு வரும் நேரத்துக்கு எழுந்து, 'எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா' என்று பார்க்கும். வந்திருந்தால் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் மறுபடி தூக்கம். ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் பேட்டரி மிச்சம். சில அட்டைகளும் சில ரவுட்டர்களும் சேரும்போது எழ வேண்டிய நேரம் தவறிவிடுகிறது. தொடர்ந்து பல பீக்கன்கள் தவறி, கேட்டுப் பார்த்தும் பதில் வராவிட்டால் ரவுட்டரே காணாமல் போய்விட்டது என்று கெர்னல் முடிவுகட்டி, இணைப்பை விட்டுவிடுகிறது.

அறிகுறியும் தெளிவானது. ரவுட்டருக்கு பிங் கொடுக்கும்போது 2, 3 மில்லிவினாடியில் வர வேண்டிய பதில் 80, 150, 200 என்று எகிறும். பெரிய கோப்பைப் பதிவிறக்கத் தொடங்கியதும் அதே பிங் சீராகிவிடும். அட்டை விழித்திருப்பதுதான் காரணம். எஸ்எஸ்எச்சில் (தொலைவிலுள்ள கணினியை டெர்மினலில் இயக்கும் முறை) வேலை செய்பவர்கள் எழுத்துகள் விக்கி விக்கி வருவதாகச் சொல்வதும் பெரும்பாலும் இதுதான்.

முதலில் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். 'ஐடபிள்யூ டெவ்' என்று அடித்தால் உங்கள் வைஃபை இடைமுகத்தின் பெயர் தெரியும். 'டபிள்யூஎல்' என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்தப் பெயரோடு 'செட் பவர்_சேவ் ஆஃப்' என்று நிர்வாகி உரிமையில் கொடுங்கள். மறுதொடக்கம் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் பயமில்லாமல் சோதிக்கலாம். ஒருநாள் ஓட்டி, பயன் தெரிந்தால் நிரந்தரமாக்கலாம். 'ஈடிசி' கோப்புறையில் நெட்வொர்க்மேனேஜருக்கு உரிய 'கான்ஃப்.டி' உட்கோப்புறையைத் திறங்கள். உபுண்டுவிலும் அதை ஒட்டி வந்த பதிப்புகளிலும் அங்கே 'வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள்: 3 என்றால் சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடக்க வேண்டும். டிஎல்பி என்ற பேட்டரிக் கருவியை நிறுவியிருந்தால் அதிலும் வைஃபைக்குத் தனி அமைப்பு உண்டு. சார்ஜர் போட்டால் நன்றாகவும் பேட்டரியில் மோசமாகவும் ஓடினால் அங்கே போய்ப் பாருங்கள்.

என்னிடம் என்ன அட்டை இருக்கிறது, அது நல்லதா?

'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' விருப்பத்தோடு ஓட்டுங்கள். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியில் பெயரும், அதன் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்பதும் வரும். யுஎஸ்பி டாங்கிள் என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'.

இன்டெல் அட்டைகளில் தொல்லை குறைவு. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, நிறுவனமே பராமரிக்கிறது. குவால்காம் ஏதெரோஸின் பழைய ஏடிஎச்9கே வகை இன்னும் உறுதியாக ஓடுகிறது. பெரும்பாலானவற்றுக்கு ஃபர்ம்வேர் கோப்புகூடத் தேவையில்லை. மீடியாடெக் எம்டி7921 அட்டைக்குக் கெர்னல் 5.12-இல் ஆதரவு வந்தது, அதற்கு முந்தைய கெர்னலில் தேட வேண்டாம். பிராட்காம் விஷயத்தில் பொறுமை வேண்டும். 2010-இல் அந்த நிறுவனம் ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டாலும் எல்லா அட்டைகளுக்கும் அது பொருந்தவில்லை. பழைய மேக்புக்குகள் சிலவற்றில் நிறுவனத்தின் மூடிய டிரைவரைத்தான் நிறுவ வேண்டியிருக்கும். உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியில் அது கிடைக்கும்.

ரியல்டெக்கில் மாடலைப் பொறுத்து அனுபவம் மாறும்.

ரியல்டெக் 8723பிஇ. ரவுட்டர் பக்கத்தில் போனால்தான் சிக்னல் வருகிறது.

மிகப் பழைய, மிகப் பிரபலமான கோளாறு. எச்பி லேப்டாப்கள் சிலவற்றில் அதிகம் பார்க்கலாம். அட்டையில் ஆன்டெனாவுக்கு இரண்டு முனைகள் இருக்கும், ஆனால் லேப்டாப்பில் ஒரு முனையில்தான் வயர் மாட்டியிருப்பார்கள். டிரைவரோ காலி முனையில் காதை வைத்துக்கொண்டிருக்கும். 'ஈடிசி' கோப்புறையின் 'மோட்புரோப்.டி'-க்குள் ஒரு கோப்பில் இந்த டிரைவருக்கு 'ஆன்ட்_செல்' என்ற மதிப்பை 1 என்று கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். தேறவில்லை என்றால் 2. இரண்டில் ஒன்று பொருந்திவிட்டால் சிக்னல் அளவு ஒரேயடியாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

'11என்_டிசேபிள்=1' போட்டால் சரியாகிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்களே?

இன்டெல் டிரைவருக்கான அமைப்பு அது. அறுந்துபோவது நிற்கலாம், ஏனென்றால் 802.11என் முதல் அதற்குப் பின் வந்த வேக முறைகள் எல்லாமே நின்றுவிடும். மிஞ்சுவது அதிகபட்சம் நொடிக்கு 54 மெகாபிட், அதிலும் கையில் கிடைப்பது பாதிதான். 300 மெகாபிட் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு இதைச் செய்வது வீண். சோதனைக்குப் போட்டுப் பாருங்கள், நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்புகளை அப்படியே ஒட்டியவர்கள் கணினியில் இந்த வரி இன்னும் மறைந்து கிடப்பதுண்டு. வேகம் குறைவு என்று புலம்பும் முன் 'மோட்புரோப்.டி' கோப்புறையை ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

யுஎஸ்பி டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவ் மாதிரி காட்டுகிறது!

விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து விற்கிறார்கள். செருகியதும் முதலில் சிடியாக வேடம் போடும். ஃபைல் மேனேஜரில் அதை 'இஜெக்ட்' செய்தால் வைஃபையாக மாறும். தானாக மாற 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' தொகுப்பை நிறுவலாம்.

ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் டாங்கிள் செத்துப்போகிறது என்றால், வெளியிலிருந்து எடுத்த டிரைவரைக் கையால் கட்டி நிறுவியிருக்கிறீர்கள். டிகேஎம்எஸ் முறையில் நிறுவினால் புதிய கெர்னலுக்கும் தானே கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பம் இல்லாத டிரைவரை கெர்னல் ஏற்காது. நிறுவும்போது கேட்கும் பாஸ்வேர்டை நினைவில் வைத்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் சாவியைச் சேர்க்க வேண்டும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிவிட்டு டிரைவரைத் திட்டுபவர்கள் ஏராளம். அதைவிட நல்ல செய்தி, 2023-இல் வந்த கெர்னல் 6.2 முதல் ரியல்டெக் 8821சியூ, 8822பியூ போன்ற டாங்கிள்களுக்கு ஆதரவு கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. கெர்னல் அதைவிடப் புதிது என்றால் வெளி டிரைவரை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

டெபியன் நிறுவினேன், வைஃபையே இல்லை.

பதிப்பு என்ன? டெபியன் 12-க்கு முன்பு அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் மூடிய ஃபர்ம்வேர் எதுவும் சேர்க்கப்படவில்லை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள்; 2023-இல் வந்த 12 முதல் கூடவே வருகிறது. பழைய பதிப்பில் இருந்தால் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போட்டு, அட்டைக்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பை இறக்குங்கள். அப்புறம் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடித்தும் பாருங்கள். 'ஹார்டு பிளாக்ட்: யெஸ்' என்று இருந்தால் லேப்டாப்பின் பக்கவாட்டிலோ விசைப்பலகையிலோ வைஃபை பொத்தான் அணைந்திருக்கிறது.

லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை போய்விடுகிறது.

டிரைவரை இறக்கி ஏற்றுங்கள்: 'மோட்புரோப்' கட்டளையில் 'ஆர்' விருப்பத்தோடு ஒருமுறை, விருப்பம் இல்லாமல் ஒருமுறை. வந்துவிட்டால், தூக்கத்திலிருந்து எழும்போது இதைத் தானாகச் செய்ய ஒரு சிறு நிரல் போதும். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அங்கே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'-ஐ அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. அரைத்தூக்கத்தில் விட்டுப்போன அட்டையை லினக்ஸால் சில நேரம் எழுப்ப முடிவதில்லை.

வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறது, லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை.

அட்டை 5 கிகாஹெர்ட்ஸை ஆதரிக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். ஆதரித்தால் நாட்டுக் குறியீடு காரணமாக இருக்கலாம். 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று கேட்டால் '00' வருகிறதா? எந்த நாடு என்று தெரியாததால் எல்லா இடத்துக்கும் பொதுவான, மிகக் கட்டுப்பாடான விதிகளில் அட்டை இருக்கிறது. 'ரெக் செட்' கட்டளையில் இந்தியா என்றால் ஐஎன், இலங்கை என்றால் எல்கே, சிங்கப்பூர் என்றால் எஸ்ஜி என்று பெரிய எழுத்தில் கொடுங்கள். இன்டெல் அட்டைகள் பல இதைக் காதில் போட்டுக்கொள்ளாது, சுற்றியுள்ள ரவுட்டர்கள் சொல்லும் நாட்டைக் கேட்டுத் தாமே முடிவெடுக்கும்.

இன்னொரு வழி ரவுட்டரில் சேனலை மாற்றுவது. 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. பல நாடுகளில் ரேடார் தட்டுப்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை உடனே காலிசெய்ய வேண்டும்; எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுந்தால் இதுவும் காரணமாகலாம். இந்தியாவில் 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு திறந்துவிட்டது. அதனால் 36 முதல் 48 வரையோ, 149 முதல் 161 வரையோ ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் நிம்மதி.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர். லேப்டாப் மாறி மாறித் தாவுகிறது.

நெட்வொர்க் அமைப்பில் 'பேண்ட்' என்ற இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்று கட்டிப்போடுங்கள். ஒரே பெயரில் பல ரவுட்டர் கருவிகளை வைத்திருக்கும் மெஷ் வீடுகளில் 'பிஎஸ்எஸ்ஐடி' கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட கருவியைப் பூட்டலாம், ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாலும் அது கீழ்வீட்டுக் கருவியையே பிடித்துத் தொங்கும்.

சரியான பாஸ்வேர்டைப் போட்டும் மறுபடி மறுபடி கேட்கிறது.

ரவுட்டர் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற இரு பாதுகாப்பு முறைகளும் கலந்த அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அட்டைகள் இதில் தடுமாறுகின்றன. ரவுட்டரில் டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துச் சோதியுங்கள். நெட்வொர்க்மேனேஜரோடு ஐடபிள்யூடி, டிஎச்சிபிசிடி போன்ற வேறு இணைப்புக் கருவிகள் தனித்தனியாகவும் ஓடினால் ஒன்று இணைப்பதை இன்னொன்று கலைக்கும். ஆர்ச்சில் கையால் அமைத்தவர்களிடம் இது சகஜம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள்.

பேசாமல் அட்டையையே மாற்றிவிடலாமா?

மேலே சொன்னவை உதவவில்லை என்றால் தாராளமாக. வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இன்டெல் ஏஎக்ஸ்210 ஒன்றை வாங்கி மாட்டுவது மலிவு, கெர்னல் 5.10 அல்லது புதியது வேண்டும். வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தனி அட்டைகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பாதி வேலையை இன்டெல் பிராசசரிடம் விட்டுவிடுபவை, ஏஎம்டி லேப்டாப்பில் ஓடவே ஓடாது. கடையில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். லேப்டாப்பில் அட்டையை மதர்போர்டோடு பற்றவைத்திருக்கிறார்களா என்றும் முன்பே பாருங்கள். பழைய லெனோவா, எச்பி மாடல்கள் சிலவற்றில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் மென்பொருள்) தான் அங்கீகரித்த அட்டைகளைத் தவிர வேறெதையும் ஏற்காது.

வேறொருவரிடம் உதவி கேட்க வேண்டும். என்னென்ன கொடுப்பது?

அட்டையின் முழுப் பெயரும் அடைப்புக்குறிக்குள் வரும் அடையாள எண்ணும், 'யூநேம்' ('ஆர்' விருப்பத்தோடு) சொல்லும் கெர்னல் பதிப்பு, அறுந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிட லாக், ரவுட்டருக்கும் 8.8.8.8-க்கும் கொடுத்த பிங் முடிவுகள், இதுவரை எதை எதை மாற்றினீர்கள் என்ற பட்டியல். 'வைஃபை வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் சொல்பவர் இதையெல்லாம்தான் திருப்பிக் கேட்பார். தமிழிலேயே கேட்க காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்கள் இருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அனுப்பாமல் எழுத்தாக ஒட்டுங்கள், தேடுவதற்கு வசதி. ஒட்டும் முன் வைஃபை பெயரையும் மேக் முகவரிகளையும் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்கள்) அழித்துவிடுங்கள். ரவுட்டரின் மேக் முகவரியை வைத்தே வீடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சேவைகள் இருக்கின்றன.